இருநூற்றெண்பது மில்லி தேன்

ஆரணியில் பிஞ்சு நல வாரியத்தின் கிளை அலுவலகம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக நடத்தப்படும் வாரியம் அது. படிகள் மொத்தம் முப்பத்தெட்டு, கைப்பிடி கிடையாது. குழந்தைகள் யாரும் இதுவரை மேலே ஏறி வரவில்லை என்பதால் கைப்பிடி பற்றிப் புகார் எதுவும் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு அந்த வாரியத்தோடு சொந்தப் பகை ஏதும் இல்லை. அங்கே நடந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நடுவில் குமட்டிக்கொண்டு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொசப்பாளையத்தில் வாரியத்துக்கு ஒரு குழந்தைகள் மையம் உண்டு. அறுபத்து நான்கு பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் பவர்லூமுக்குப் போய்விடுகிற வீட்டுப் பிள்ளைகள். காலை பத்தரைக்கு ஆளுக்கொரு தினை உருண்டை. அந்த உருண்டையைப் பிடிப்பவள் கன்னியம்மாள். ஒன்பது வருஷமாக அவள்தான் அங்கே சமையல். தினையை வறுத்து, அரைத்து, ஏலக்காய் தட்டிப்போட்டு, தேன் ஊற்றிப் பிசைவாள். எவ்வளவு தேன் என்பதை அவள் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ததில்லை. வாரியத்தின் சமையல் குறிப்பேட்டில் நான்காம் பக்கத்தில் ‘தேன் 280 மி.லி.’ என்று இருக்கிறது. அளப்பதற்குக் கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பும் வாரியமே கொடுத்திருக்கிறது. கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு போனால் கரண்டியால் எடுத்துத் திரும்ப டின்னில் விடுகிற பெண் அவள்.

தேன் படவேட்டிலிருந்து வருகிறது. அங்கே வாழைத்தோப்புகளில் பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிற ஜெயவேல் மாசத்துக்கு ஒரு டின் கொண்டுவந்து இறக்குவான். பத்து கிலோ. தேன் விற்கிறவன் கிலோவில்தான் விற்பான், சமைக்கிறவள் கப்பில்தான் அளப்பாள். மாசத்தில் இருபத்தைந்து நாள் மையம் நடக்கும். இருபத்தைந்தாம் நாள் டின்னைக் கவிழ்த்து வைத்து வடித்தால் கடைசிக் கப்பு சரியாக நிறையும். மறுநாள் ஜெயவேல் வருவான். ஒன்பது வருஷமாக இது இப்படியே நடந்துகொண்டிருந்தது. வாரியத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. அதனால்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு கிளை அதிகாரியாகச் சிவப்பிரகாசம் மாற்றலாகி வந்தார்.

சிவப்பிரகாசம் அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் ஒரு பட்டு நூல் கிடங்கில் வேலை பார்த்தவர். பட்டை எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்கி, நடுவில் குறைந்த கிராமுக்கு ஆட்களை அழவைத்துப் பழகியவர். இப்போது பிஞ்சுகளின் நலத்தைக் கவனிக்க அவரை அனுப்பியிருந்தார்கள். வந்த முதல் வாரமே அவர் இரண்டு காரியம் செய்தார். ‘முதல் உருண்டையை அதிகாரி உண்டு பார்த்த பிறகே குழந்தைகளுக்கு வழங்க வேண்டும்’ என்ற விதி குறிப்பேட்டில் இருப்பதைக் கண்டுபிடித்து, திங்கட்கிழமைதோறும் மையத்துக்கு வர ஆரம்பித்தார். முதல் உருண்டையைத் தின்றுவிட்டு, ஒன்றை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று மேலும் இரண்டு தின்பார். அன்றைக்கு ஆறு பிள்ளைகளுக்குப் பாதிப் பாதி.

இரண்டாவதாக, அவர் இருப்புப் பதிவேட்டைத் திறந்தார். அதில் ‘அளவு’ என்று ஒரே ஒரு கட்டம். கிராமா, மில்லியா என்று கேட்க இடமே விடாமல் அச்சடித்திருந்தார்கள். வரவு 10,000. செலவு 7,000. கையிருப்பு, பூஜ்யம்.

மூன்றாம் நாள் கன்னியம்மாளுக்குக் குறிப்பாணை வந்தது. ‘மாதந்தோறும் மூவாயிரம் அளவு தேன் தங்களால் எங்கு கொண்டு செல்லப்படுகிறது என்பதை ஏழு நாட்களுக்குள் விளக்கவும். தவறினால் திருட்டு எனக் கொள்ளப்படும்.’

அவள் முப்பத்தெட்டு படி ஏறினாள்.

“சார், தேன் கனம் சார்,” என்றாள். “பத்து கிலோ தேன ஊத்தனா ஏழு லிட்டருதான் வரும். நான் கப்புலதான் அளக்கறேன். புக்குல அப்படித்தான் போட்டுகீது.”

சிவப்பிரகாசம் அவளைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர் எழிலரசனைப் பார்த்தார். எழிலரசன் சிரிக்கலாமா என்று தெரியாமல் பேனாவை மூடினான்.

“ஏம்மா, பால் ஒரு லிட்டர் எவ்ளோ?”

“ஒரு கிலோ சொச்சம் வரும் சார்.”

“சொச்சம்லாம் வேணாம். ஒரு கிலோ. தண்ணி ஒரு லிட்டரு?”

“ஒரு கிலோ சார்.”

“அப்புறம் தேனு மட்டும் இன்னா, பெரிய வூட்டுப் புள்ளயா? அதுக்குனு தனிக் கணக்கா?”

“எண்ணெய் பாக்கெட்டுல பாருங்க சார். ஒரு லிட்டருனு போட்டு, பக்கத்துலயே தொள்ளாயிரத்துப் பத்து கிராம்னு போட்டிருப்பான். அது லேசு. இது கனம்.”

“அது கம்பெனிக்காரன் அடிக்கிற கொள்ள,” என்றார் சிவப்பிரகாசம். “அவன் தொண்ணூறு கிராம் அடிக்கறான். நீ மூணு கிலோ அடிக்கற. அவனாவது பாக்கெட் மேல எழுதிட்டு அடிக்கறான்.”

எழிலரசன் இப்போது சிரித்தான்.

கன்னியம்மாள் மேல் இதுவரை யாரும் ஒரு குண்டூசிக்குக்கூடப் பழி சொன்னதில்லை. அவள் புருஷனைத் தறிக்காரர்கள் நம்பி நூலையும் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். தெருவில் ‘தேன் திருடி’ என்று பெயர் வந்தால் அந்த அறுபத்து நான்கு பிள்ளைகளின் அம்மாக்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஒரு லிட்டர் பாட்டிலு ஒண்ணு குடுங்க சார். உங்க கண்ணு முன்னாடியே ஊத்தி எட போட்டுக் காட்டறேன்.”

அது நியாயமான கோரிக்கை என்பதால் அதற்கு ஒரு குழு தேவைப்பட்டது. ‘தேன் மாயமானது குறித்த ஆய்வுக் குழு’ என்று பெயர். தலைவர் சிவப்பிரகாசம். உறுப்பினர் எழிலரசன். மூன்றாவது இடம் பெண் பிரதிநிதிக்கு. அது காலியாகவே இருக்கும் என்று தீர்மானத்தில் எழுதினார்கள். ஆய்வுக்காக மையத்திலிருந்து அந்த மாசத்து டின் பறிமுதல் செய்யப்பட்டது. ஜெயவேல் அப்போதுதான் இறக்கிவிட்டுப் போயிருந்த டின், மூடிகூடத் திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு அன்று முதல் வெறும் தினை மாவு. வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விக்கும். கன்னியம்மாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் தண்ணீர் டம்ளரோடு ஓடினாள்.

ஆய்வு வெள்ளிக்கிழமை. ஒரு லிட்டர் பாட்டில், கீழே ஜவுளிக்கடையிலிருந்து வாங்கிய எலக்ட்ரானிக் தராசு. வெறும் பாட்டிலை வைத்து எடையைக் கழித்துவிட்டு, கன்னியம்மாள் தேனைக் கழுத்து வரை ஊற்றினாள். தராசு 1.420 என்று காட்டியது.

“பாருங்க சார்,” என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

“தராசு ரிப்பேரு,” என்றார் சிவப்பிரகாசம்.

வேறு தராசு வந்தது. 1.420. மூன்றாவது தராசை எதிர்த் தெரு நகைக்கடையிலிருந்து எழிலரசனே தூக்கி வந்தான். அதிலும் 1.420.

“ஆரணியில எல்லாத் தராசும் பட்டுக்குப் பழகினது,” என்று சிவப்பிரகாசம் விளக்கினார். “பட்டுன்னா கரெக்டா காட்டும். பழக்கமில்லாத பொருளு வெச்சா தடுமாறும்.”

“தண்ணி ஊத்திப் பாருங்க சார்,” என்றாள் கன்னியம்மாள்.

அதே பாட்டிலைக் கழுவித் தண்ணீர் ஊற்றினார்கள். தராசு 1.000 என்று காட்டியது. இதோடு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று கன்னியம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

சிவப்பிரகாசம் எழுந்து நின்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது. “எழிலரசா, எழுதிக்கோ. ஒரு லிட்டர் பாட்டில்ல ஒரு கிலோதான் புடிக்கும். இது தண்ணி வெச்சு நிரூபிக்கப்பட்டது. ஆனா இந்தத் தேன்ல ஒரு கிலோ நானூத்தி இருபது கிராம் இருக்குது. அப்போ மேல இருக்கிற நானூத்தி இருபது கிராம் இன்னா?”

எழிலரசன் யோசித்தான். “கலப்படம் சார்.”

“கலப்படம்!” என்றார் சிவப்பிரகாசம்.

திருடி என்று படியேறியவள் மதியத்துக்குள் கலப்படக்காரியும் ஆனாள்.

கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குக் குறிப்பேட்டில் வழி எதுவும் இல்லை. “நாக்குதான் மொதல் தராசு,” என்று சொல்லி சிவப்பிரகாசம் வெற்றிலைக் கறை படிந்த ஆள்காட்டி விரலை டின்னுக்குள் விட்டார். முதல் கணு வரை உள்ளே போனது. எடுத்துச் சப்பினார். கண்ணை மூடினார். அதே விரலை, துடைக்காமல், மறுபடி விட்டார். எழிலரசனும் விட்டான். அவன் சற்று முன்புதான் மூக்குப்பொடி போட்டிருந்தான். இரண்டு பேரும் மாறி மாறி ஐந்து ஐந்து தடவை விட்டார்கள். சிவப்பிரகாசம் மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் வழித்து, வீணாகக் கூடாதென்று டின்னின் விளிம்பில் தேய்த்து உள்ளே இறக்கினார். தேனில் வெற்றிலைத் துணுக்கு ஒன்று மெதுவாக மிதந்துகொண்டு போனது.

எனக்கு இதை எழுதவே அருவருப்பாக இருக்கிறது. கன்னியம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், அது கொழந்தைங்க துன்ற தேனு சார்.”

“ஆய்வு முடிஞ்சதும் திரும்ப அனுப்பிடுவோம்,” என்றார் அவர். “வாரியத்துப் பொருளு. ஒரு சொட்டு வேஸ்ட் பண்ண மாட்டோம். உன்ன மாதிரி இல்ல.”

டின்னை மூடாமலே வைத்துவிட்டுப் போனார்கள். சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை வந்து பார்த்தபோது படிக்கட்டிலிருந்து மேஜை வரை எறும்பு சாரி பிடித்திருந்தது. டின்னுக்குள் கறுப்பாக ஒரு படலம். எழிலரசன் டீ வடிகட்டியால் அதை அரித்து எடுத்தான். வடிகட்டியைத் தட்டிவிட்டு அதிலேயே டீயும் போட்டான்.

அன்று சிவப்பிரகாசத்துக்கு ஒரு யோசனை உதித்தது. அவரைப் போன்ற அனுபவசாலிக்கு மட்டுமே உதிக்கக்கூடியது. அவர் கன்னியம்மாளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இதற்கு முன் அவளை யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை.

“நீ நெசவுக்கார வூட்டுப் பொண்ணுதானே? கச்சாப் பட்டு கிலோ வாங்கி, சோப்பும் சோடாவும் போட்டு காய்ச்சனா எவ்ளோ நிக்கும்?”

“முக்கா கிலோ நிக்கும் சார். பச போயிடும்.”

“அதுக்குப் பேரு காய்ச்சுக் கழிவு. நூத்துக்கு இருபத்தஞ்சு. அத யாரும் திருட்டுனு சொல்றதில்ல. ரூலு இருக்குது, ஃபாரம் இருக்குது. ஒன் தேன்ல நூத்துக்கு முப்பது போவுது. அஞ்சு சதவீதம்தான் வித்தியாசம். நான் ஒன்னும் ராட்சசன் இல்லம்மா. உன்னக் காப்பாத்தறதுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம யோசிச்சிகினு இருந்தேன்.”

“தேன யாரு சார் காய்ச்சுவாங்க?”

“ஃபாரம் அதான் கீது.” அவர் பழைய கிடங்கிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த கட்டிலிருந்து ஒன்றை உருவினார். ‘பட்டு நூல் காய்ச்சுக் கழிவுப் படிவம்’ என்று அச்சடித்திருந்ததில் ‘பட்டு நூல்’ என்பதை அடித்துவிட்டு ‘தேன்’ என்று எழுதினார்.

படிவத்தில் ஆறு கட்டங்கள். காய்ச்சுவதற்கு முன் எடை, சேர்த்த சோப்பு, சேர்த்த சோடா, கொதித்த நேரம், காய்ச்சிய பின் எடை, கழிவு. கன்னியம்மாள் சோப்பு, சோடா இரண்டு கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். படிவம் திருப்பி வந்தது. சோப்பு சேர்க்காமல் கழிவு வர விதியில் இடமில்லை.

மொட்டை மாடியில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டினார்கள். டின்னிலிருந்து மூன்று கிலோ எடுத்துப் பானையில் ஊற்றி, பட்டு காய்ச்சுகிறவர்களிடம் வாங்கிவந்த பார் சோப்பை எழிலரசன் சீவிப் போட்டான். சோடா ஒரு கைப்பிடி. கன்னியம்மாள் கிட்டே வர மறுத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றாள். முதலில் இனிப்பாக ஒரு வாசனை வந்தது. அப்புறம் துணி வெளுக்கிற வாசனை. அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்த நாற்றத்தில் பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். தேன் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. வந்துகொண்டே இருந்தது. பானை விளிம்பைத் தாண்டி, செங்கல் மேல் வழிந்து, மாடி முழுக்கப் பரவி, தண்ணீர் போகிற குழாய் வழியாகக் கீழே ஜவுளிக்கடை போர்டின் மேல் சொட்டியது. எழிலரசன் கத்திக்கொண்டு குதித்தான். அவன் செருப்பு ஒட்டிக்கொண்டு கால் மட்டும் வந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு மிச்சத்தை எடை போட்டார்கள். இரண்டு கிலோ எழுபது கிராம்.

சிவப்பிரகாசம் கால்குலேட்டரைத் தட்டினார். கண்களில் நீர் தளும்பியது. “முப்பத்தொண்ணு சதவீதம்! பாத்தியாம்மா? பாத்தியா? ரூலுனு ஒண்ணு இருந்தா உண்ம தானா வெளிய வரும்.”

“கீழ ஊத்திகிச்சி சார்,” என்றாள் கன்னியம்மாள்.

“கழிவுன்னா அதான்.”

அவள் நிரபராதி ஆகிவிட்டாள். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. எழிலரசன் டைப் செய்து வைத்திருந்த காகிதத்தை அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘கடந்த ஒன்பது ஆண்டுகளாக நான் தேனைச் சோப்பும் சோடாவும் சேர்த்துக் காய்ச்சிய பிறகே குழந்தைகளுக்கு வழங்கி வந்தேன். மூவாயிரம் அளவு குறைந்தது அதனால் மட்டுமே என உறுதியளிக்கிறேன்.’

கன்னியம்மாள் காகிதத்தை மேஜை மேல் வைத்தாள்.

“புள்ளைங்களுக்கு சோப்புத் தண்ணி குடுத்தேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா சார்?”

“பேப்பர்லதானம்மா. பேப்பர்ல துன்னா யாருக்கு வயிறு வலிக்கப் போவுது?”

“மாட்டேன் சார்.”

“போடலன்னா நீ திருடி.”

“திருடின்னே எழுதிக்குங்க.”

சிவப்பிரகாசத்துக்கு வருத்தமாகப் போய்விட்டது. நல்லது செய்ய வந்தால் ஜனங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எழிலரசனிடம் அரை மணி நேரம் சொன்னார். பிறகு உத்தரவு போட்டார். வரும் வெள்ளிக்கிழமை மண்டல மேலாளர் ஜெயச்சந்திரன் போளூருக்கு ஒரு கூட்டத்துக்குப் போகும் வழியில் மையத்துக்கு வருகிறார். ‘முன்பதப்படுத்திய தேன் திட்டம்’ அன்று அவர் கையால் தொடங்கப்படும். காய்ச்சிய தேனிலிருந்து 280 மில்லி எடுத்து, குறிப்பேட்டின்படி அறுபத்து நான்கு உருண்டை பிடிக்க வேண்டும். மறுத்தால் அன்றே வேலை நீக்கம். அந்த இடத்துக்கு எழிலரசனின் மைத்துனி தயாராக இருக்கிறாள்.

கன்னியம்மாள் பிடித்தாள். நான் அவளிடம் பிறகு கேட்டேன், எப்படி உனக்குக் கை வந்தது என்று. அவள் சொன்ன பதில் இது: “மொத உருண்ட அவருதானே துன்னணும்? ரூலு கீது. வாயில வெச்ச ஒடனே தூன்னு துப்பிட்டு நிறுத்திடுவாருன்னு நெனச்சேன். நான் சொன்னா யாரு கேக்கறாங்க? அவரு நாக்கு சொன்னா கேப்பாங்கன்னு நெனச்சேன்.”

மைத்துனி வந்து பிடித்தால் யோசிக்காமல் கொடுத்துவிடுவாள், தான் அங்கே இருந்தாக வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை காலை மையத்தில் ஷாமியானா. அறுபத்து நான்கு பிள்ளைகளும் தட்டோடு வெயிலில் வரிசையில் நின்றார்கள். மண்டல மேலாளர் பத்தரைக்கு வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டே காலுக்கு வந்தார். இரண்டு பிள்ளைகள் நின்றபடியே மூத்திரம் போயிருந்தார்கள். அதைப் பெரியவர்கள் யாரும் பார்க்கவில்லை. சால்வையில் மும்முரமாக இருந்தார்கள்.

“பிஞ்சுகளின் நாவில் நாம் வைப்பது வெறும் தேன் அல்ல,” என்று ஜெயச்சந்திரன் மைக்கில் சொன்னார். “நம் நிர்வாகத்தின் சுவையை வைக்கிறோம்.”

அவர் பேசியதிலேயே உண்மையான வாசகம் அதுதான்.

சிவப்பிரகாசம் விதிப்படி முதல் உருண்டையை எடுத்தார். எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டிவிட்டு முழுசாக வாயில் போட்டார். கன்னியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். இரண்டு தடவை மென்றார். தாடை நின்றது. கண்கள் விரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் ஓரத்தில் வெள்ளையாக ஒரு குமிழி புறப்பட்டு, உப்பி, உடைந்தது.

மண்டல மேலாளர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி இருக்கு சிவப்பிரகாசம்?”

சிவப்பிரகாசம் விழுங்கினார். விழுங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. “பிரமாதம் சார்,” என்றார். சொன்னபோது இன்னொரு குமிழி வந்தது.

பிறகு ஜெயச்சந்திரன் ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார். அவர் முகமும் அதே மாதிரி மாறியது. ஆனால் கீழே இருப்பவன் பிரமாதம் என்று சொன்ன பிறகு மேலே இருப்பவன் துப்பினால் நன்றாயிருக்காது. அவர் மீதிப் பாதியைக் கைக்குட்டையில் வைத்து மடித்தார்.

“முன்பு இருந்ததைவிடத் தரம் கூடியிருக்கிறது,” என்று மைக்கில் சொன்னார். “குழந்தைகளுக்குக் கொடுங்க.”

இரண்டு பேர் நாக்கும் அவளைக் கைவிட்டது. வரிசையில் முதலில் நின்ற மூன்று வயதுப் பெண் குழந்தை, லீலா என்று பெயர், தட்டை இரண்டு கையாலும் நீட்டியது. எட்டு நாளாக வெறும் மாவு தின்ற குழந்தை. உருண்டையைப் பார்த்து அதன் வாயில் எச்சில் ஊறியிருந்தது. எழிலரசன் தட்டில் ஒன்றை வைத்தான்.

கன்னியம்மாள் ஓடிப்போய்க் குழந்தையின் தட்டிலிருந்து அதை எடுத்தாள். தாம்பாளத்தைத் தூக்கினாள். மையத்து வாசலில் சாயப்பட்டறைத் தண்ணீர் போகிற சாக்கடை இருக்கிறது. அறுபத்திரண்டு உருண்டையும் அதில் விழுந்தன. சாக்கடை அன்றைக்கு மயில் நீலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நுரை கிளம்பியது.

லீலா அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து மற்றவர்களும். “துன்னாத கண்ணு, துன்னாத,” என்று சொல்லிக்கொண்டே கன்னியம்மாளும் அழுதாள்.

சிவப்பிரகாசம் ஷாமியானாவுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால், வேலை நீக்க உத்தரவில் உடனடியாகக் கையெழுத்திட முடியவில்லை. மூன்று மணிக்குப் போட்டார்.

உத்தரவு மறுநாள் வந்தது. கன்னியம்மாள் வீட்டு வாசலில் நின்று படித்தாள். பணி நீக்கம். அது அவள் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது பத்தியைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

‘மேற்படி நபர் சாக்கடையில் கொட்டி அழித்த தேனின் கொள்ளளவு 280 மி.லி. தேனின் அடர்த்தி லிட்டருக்கு 1.42 கிலோ ஆதலால், வாரியத்துக்கு ஏற்பட்ட இழப்பு 397.6 கிராம். இதனை எடை குறையாமல் தேனாகவே ஏழு நாட்களுக்குள் ஈடுசெய்ய வேண்டும்.’

புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வரை கணக்கு சரியாக இருந்தது.

ஜெயவேல் விஷயம் கேள்விப்பட்டு ஒரு பாட்டிலோடு வந்தான். “எடுத்துகினு போங்கக்கா. மூஞ்சில அடிச்சிட்டு வாங்க,” என்றான். கன்னியம்மாள் கப்பில் 280 கோட்டுக்குச் சரியாக ஊற்றி, அதை மூடி போட்ட தூக்கில் வழித்து எடுத்துக்கொண்டு முப்பத்தெட்டு படி ஏறினாள். எழிலரசன் தராசில் வைத்தான். தூக்கின் எடையைக் கழித்தான். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம். தராசு ரிப்பேர் என்று யாரும் சொல்லவில்லை. ‘280 மி.லி. தேன், 397.6 கிராம், சரியாகப் பெறப்பட்டது’ என்று எழுதி, சீல் வைத்து, ரசீது கொடுத்தான்.

அவள் அதற்காகத்தான் வந்திருந்தாள். ரசீதை மேஜை மேல் விரித்து விரலால் காட்டினாள்.

“இத இருபத்தஞ்சு நாளுக்குப் பெருக்கிப் பாருங்க தம்பி. ஏழு லிட்டருக்கு ஒம்பது கிலோ தொள்ளாயிரத்து நாப்பது கிராம் வருது. நீங்களே எழுதிக் குடுத்துகிறீங்க. டின்னுல ஒட்டனது அறுவது கிராம். நான் திருடலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வேல வேணாம்.”

எழிலரசன் ரசீதைப் பார்த்தான். பெருக்கியும் பார்த்தான். சரியாகத்தான் வந்தது.

“யக்கா, இது இழப்புக் கணக்கு,” என்றான். “அது இருப்புக் கணக்கு. இழப்புக்கு ஒண்ணு புள்ளி நாலு ரெண்டு. இருப்புக்கு ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டும் வேற வேற செக்‌ஷன்க்கா, பேஜார் பண்ணாதீங்க.”

“ரெண்டு செக்‌ஷனுக்கும் யாரு?”

“நான்தான்.”

உள்ளறையிலிருந்து சிவப்பிரகாசம் வந்தார். வயிறு தேறிவிட்டிருந்தது. மையத்தில் இப்போது உருண்டைக்குச் சர்க்கரைதான் போடுகிறார்கள், அதற்கு லிட்டர் தொல்லை இல்லை என்று எழிலரசனிடம் திருப்தியாகச் சொன்னார். கன்னியம்மாள் நிற்பதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. மேஜை மேலிருந்த தூக்கைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, எடுத்து, சப்பி, கண்ணை மூடினார்.

“இதான்யா தேனு,” என்றார். மறுபடி விரலை விட்டார்.

கன்னியம்மாள் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். தெருவில் காறித் துப்புகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள் அவள். கடைசிப் படியில் நின்று, மேலே அண்ணாந்து பார்த்து, வாரியத்தின் வாசலில் துப்பினாள்.